பிளாஸ்திரி வாசனை

பிப்ரவரி 11

நாத்தனாராக இருந்தவளுக்கு,

பெட்டி வந்தது. ஆறு பாட்டில், ஒன்றும் உடையவில்லை. உள்ளே உன் கடிதமும் இருந்தது. அதன் முதல் பத்தியிலேயே நான்கு முறை 'அண்ணி' வருகிறது. விவாகரத்துத் தீர்ப்பு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன் அண்ணன் வேறு ஊரில், வேறு வீட்டில், வேறொருத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார். அவர் எனக்குக் கணவர் இல்லை என்றால் நான் உனக்கு அண்ணி இல்லை. இதில் கோபம் எதுவும் இல்லை. வெறும் கணக்கு.

போன் செய்யாதே என்றேன். செய்யவில்லை, சரி. ஒரே நகரத்தில், பஸ்ஸில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு, பீர்ப் பெட்டிக்குள் கடிதம் வைத்து அனுப்புகிறாய். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் உங்கள் வீட்டில் உன்னை மிஞ்ச ஆளில்லை. உன் டெலிவரி ஆள் வேறு, எதிர்வீட்டு டீச்சர் படியில் நிற்கும்போது, "என்ன மேடம், போன மாசத்து ஆறும் முடிஞ்சிருச்சா?" என்று உரக்கக் கேட்கிறார். பாட்டிலுக்குக் கால் டம்ளர் சுவைத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுகிறவள் நான் என்று அவரிடம் யார் சொல்வது? சொன்னால்தான் நம்புவாரா?

சுவைத்தேன். வந்த சாம்பிளைச் சோதிக்காமல் வைத்திருக்க எனக்குத் தெரியாது. நான்காம் எண்: நிறம் நன்று. நுரை நிற்கிறது. மூக்குக்கு ஆரஞ்சுத் தோல், வெட்டிய புல், கொஞ்சம் மரப்பிசின். இதுவரை பரவாயில்லை. வாய்க்குள் போனதும் கசப்பு, அதன்மேல் கசப்பு, விழுங்கிய பிறகும் கசப்பு. ஹாப்ஸ் என்பது ஒரு பூ என்று நீதான் எனக்குச் சொன்னாய். பூவைக் கிள்ளிப் போடுவார்கள். நீ தோட்டத்தையே கவிழ்த்திருக்கிறாய்.

என் வேலை என்ன என்பது உனக்கு மறந்துவிட்டதா? இருபத்து நான்கு வருடமாக இந்த நகரத்துக் குடிநீரைக் குடுவையில் சூடாக்கி முகர்ந்து பார்க்கிறேன். எந்த வாசனையும் இல்லை என்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நல்ல செய்தி. என்னிடம் உன் பீரைக் கொடுத்துக் கருத்துக் கேட்பது, தூக்கத்துக்கு ஏங்குகிறவனின் காதில் மேளத்தை அடித்து எப்படி இருக்கிறது என்று கேட்பதைப் போன்றது.

ஜூலைத் திறப்பு விழாவுக்கு அழைத்திருக்கிறாய். வந்தால் என்னை யாரென்று அறிமுகப்படுத்துவாய்? பதில் இல்லாத இடத்தில் போய் நிற்பது என் வழக்கம் இல்லை.

இப்படிக்கு,
முதுநிலை வேதியியலாளர்,
குடிநீர்த் துறை


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி, அண்ணி, அண்ணி, அண்ணிக்கு,

எண்ணிக்கொள்ளுங்கள், நான்கு சரியாக இருக்கிறதா?

காலி பாட்டில் ஆறும் வந்து சேர்ந்தன. கழுவி, காயவைத்து, வாயில் பஞ்சு அடைத்து. யாரோ ஒருத்திக்கு யாரோ ஒருத்தி பாட்டில் கழுவித் தருவாளா அண்ணி?

என் நிலைமையைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். இந்தப் பழைய அச்சகக் கூடத்தில் இரண்டு தொட்டி, ஒரு அடுப்பு, நான், தொட்டி கழுவ நம் குழாய்க்காரர். உங்கள் வீட்டுக் குழாயைப் பதினைந்து வருடம் ரிப்பேர் செய்தாரே, அவரேதான். கட்டட உரிமையாளர் ஜூலை 12 வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அன்று நாற்பது பேர் சுவைக்க வருகிறார்கள். அதில் மூன்று உணவக முதலாளிகள். அவர்கள் தலையாட்டினால் இடம் எனக்கு. இல்லையென்றால் டயர் கிடங்கு. "டயர் புளிச்சுப் போகாதும்மா" என்கிறார். அவர் பேச்சில் நியாயம் இருப்பதுதான் கொடுமை.

என் நண்பர்கள் எதைக் கொடுத்தாலும் 'சூப்பர்' என்கிறார்கள். ஒருமுறை கழுவிய தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன், அதற்கும் சூப்பர். எனக்கு என் மூக்கின்மேலும் நம்பிக்கை இல்லை. நாள் முழுக்க ஹாப்ஸ் மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் மூக்கு என்ன ஆகும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்ற கதைதான். உங்களுக்குப் பிடிக்க வேண்டாம். தப்பைச் சொன்னால் போதும்.

ஆறு வருடம் உங்கள் வீட்டில் இருந்து படித்தவள் நான். பால் நாளைக்குத் திரியும் என்று இன்றைக்கே சொல்வீர்கள். வீட்டில் நடந்த எல்லாவற்றையும் முகர்ந்தே கண்டுபிடித்தீர்கள், அண்ணன் விஷயத்தைத் தவிர. அதில் மட்டும் உங்கள் மூக்கு கொஞ்சம் தாமதம்.

யாரென்று அறிமுகப்படுத்துவேன் என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாருங்கள்.

என்றும் உங்கள்,
சுண்டெலி
(இந்தப் பெயரை வைத்தவர் நீங்கள். இதற்கும் கோர்ட்டில் ரத்து வாங்கிவிட்டீர்களா?)


ஏப்ரல் 8

சொன்னால் கேட்காதவளுக்கு,

பெட்டி வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பிப்ரவரி நடுவிலிருந்து துறையில் பெரிய மாற்றம். கூட்டம், பட்டியல், சுற்றறிக்கை என்று தலை நிமிர நேரமில்லை. நேற்றுதான் ஐந்தாம் எண்ணைத் திறந்தேன்.

ஆரஞ்சுத் தோலும் இல்லை, புல்லும் இல்லை. பிளாஸ்திரி வாசனை. காயத்தில் ஒட்டியதை இரண்டு நாள் கழித்துப் பிரிக்கும்போது வருமே, அதே வாசனை. இன்னொரு பாட்டிலைத் திறந்தேன், அதிலும் அதுதான். எனக்கு மட்டும் தோன்றுகிறதோ என்ற சந்தேகத்தில், வேலை முடிந்த பிறகு எங்கள் முகர்வுக் குழுவில் இருவரிடம் எண் மட்டும் எழுதிய மூன்று கோப்பைகளைக் கொடுத்தேன். இரண்டில் கடை பீர், ஒன்றில் உன்னுடையது. இருவரும் தனித்தனியாக உன்னுடையதைப் பிரித்து வைத்தார்கள். ஒருவர், "யாருக்கு மேடம் அடிபட்டிருக்கு?" என்று கேட்டார்.

இது சுவை பற்றிய அபிப்பிராயம் அல்ல. குறை. தொட்டியைக் கழுவும் கிருமிநாசினியைச் சரியாக அலசாவிட்டால் அதிலுள்ள குளோரின் மால்ட்டோடு, அதாவது நீ போடும் முளைகட்டிய பார்லியோடு, சேர்ந்து இந்த வாசனையைக் கொடுக்கும். குழாய்க்காரர் நல்ல மனிதர். ஆனால் ஒரு முறை அலசச் சொன்னால் அரை முறை அலசுகிறவர். என் சமையலறைக் குழாய் இன்னமும் சொட்டுகிறது.

உன் 'சூப்பர்' நண்பர்கள் என்ன சொன்னார்கள்? சூப்பர் என்பது ஒரு வாசனை இல்லை என்று அவர்களிடம் சொல்.

இப்படிக்கு,
முதுநிலை வேதியியலாளர்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு மணி நேரம் முகர்ந்தேன். முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பிறகு அதைத் தவிர வேறெதுவுமே தெரியவில்லை. நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன். எரிச்சலாகவும் இருக்கிறது.

குழாய்க்காரரைக் கேட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன், இருந்தாலும் அவர் முகம் மாறிவிட்டது. "நான் கழுவின தொட்டியில பச்சப் புள்ளையப் படுக்க வைக்கலாம்மா" என்றார். "அண்ணி சொல்றாங்க" என்றேன். "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார். மறுபடியும் இரண்டு தொட்டியையும் தேய்த்தார். கேட்டுக்கொண்டே இருந்தேன், மூன்று மணி நேரம் பிரஷ் சத்தம்.

ரப்பர்க் குழாய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதிது மாற்றிவிட்டேன். ஆறாம் எண்ணில் ஹாப்ஸை இரட்டித்திருக்கிறேன். மிச்சம் மீதி ஏதாவது இருந்தாலும் அமுங்கிவிடும். தோட்டத்தைக் கவிழ்த்தேன் என்பீர்கள். சொல்லுங்கள்.

விழாவுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. இதைத் தயவுசெய்து கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
சுண்டெலி


மே 14

சொன்னால் கேட்காதவளுக்கு,

ஆறாம் எண்ணில் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. அதன்மேல் இரட்டிப்பு ஹாப்ஸ். மருத்துவமனை வார்டில் பூங்கொத்து வைத்ததுபோல் இருக்கிறது. பூ வாசனை வருகிறது. வார்டு வாசனை போகவில்லை. இரண்டும் சேர்ந்து தலைவலிதான் மிச்சம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. காரணத்தைச் சொன்னேன். காரணத்தைச் சரிசெய்யாமல் அதை மூடி மறைக்கப் பார்த்திருக்கிறாய். அலசு என்றால் அலச வேண்டும். 'அலசியாச்சு' என்று சொல்வது அலசுவது ஆகாது. தினமும் ஆயிரம் பேர் வீட்டுத் தண்ணீருக்குக் கையெழுத்துப் போடுகிறவள் சொல்கிறேன்: ஒரு தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பிறர் வாயில் படும் எதையும் தயாரிக்கக் கூடாது. டயர் கிடங்கே மேல்.

உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தங்கள் தவறு தெரியாது. சுட்டிக்காட்டினால் அதன்மேல் எதையாவது தெளித்து வாசனையை மாற்றப் பார்ப்பீர்கள். உன் அண்ணனும் அதைத்தான் செய்தார். இருபது வருடம் பார்த்துவிட்டேன். இனி பார்க்க என்னால் ஆகாது.

முதுநிலை வேதியியலாளர்


மே 20

மதிப்பிற்குரிய முதுநிலை வேதியியலாளர் அவர்களுக்கு,

தங்கள் கருத்து கிடைத்தது.

ஆறாம் எண் முழுவதையும் நேற்றுச் சாக்கடையில் திறந்துவிட்டேன். மிதிவண்டியில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். குழாய்க்காரர் போய்விட்டார். நான் போகச் சொல்லவில்லை. தங்கள் கடிதத்தில் அவர் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். "என் கை மேல சந்தேகம்னா நான் இருந்து என்னம்மா பண்றது" என்று கையைத் துடைத்துக்கொண்டார். பிரஷ்ஷைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனார்.

அலசவில்லை என்கிறீர்கள். ஐந்தாம் எண்ணுக்குப் பிறகு கிருமிநாசினியையே நிறுத்திவிட்டு வெறும் நீராவியில் கழுவுகிறோம். ரப்பர் மாற்றினோம். மால்ட் வாங்கும் கடையை மாற்றினோம். தண்ணீரில்கூடத் தப்பு இருக்க வழியில்லை. முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்து, மறுநாள் கொதிக்க வைக்கிறேன். குளோரின் அதிலேயே போய்விடும் என்று சொல்லித்தந்தவர் தாங்கள். தங்கள் வீட்டில் மீன் தொட்டி வைத்திருந்தேனே, அதற்காக. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். தங்கள் வீட்டில் இருந்தவரை என் மீன் ஒன்றுகூடச் செத்ததில்லை.

என் அண்ணன் செய்ததற்கு நான் இத்தனை மாதமாகப் பெட்டி பெட்டியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பீர் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இனி பெட்டி வராது.

இப்படிக்கு,
உரிமையாளர், சிறு பீர் ஆலை


மே 24

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தில் மீன் தொட்டி வரியைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் பிடித்தேன். ஒரு நாள் திறந்து வைத்தேன். பிறகு கொதிக்க வைத்தேன். ஆறவைத்துச் சோதனைத் தூளைப் போட்டேன். ஒன்றுமில்லை என்றால் நிறம் மாறக் கூடாது. இளஞ்சிவப்பாக மாறியது.

விஷயம் இதுதான். மார்ச் முதல் தேதியிலிருந்து நகரக் குடிநீரில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் சேர்க்கிறோம். நீண்ட குழாய்களில் அதிக நேரம் நிற்கும் என்பதற்காக. குளோரின் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் திறந்து வைத்தாலும் போகாது, நீ கொதிக்க வைக்கும் நேரத்துக்கும் போகாது. மால்ட்டோடு சேர்ந்து பிளாஸ்திரி வாசனையைக் கொடுக்கும். குடிப்பவர்களுக்கு இதனால் ஆபத்து இல்லை. ஆனால் சிலருக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அவர்களுடைய பட்டியலைத் தயாரித்தது நான்.

டயாலிசிஸ் நிலையங்களை எழுதினேன். மீன் பண்ணைகளை எழுதினேன். வண்ணமீன் கடைகளைத் தெருத் தெருவாக எழுதினேன். பீர் தயாரிப்பவர்களை எழுதவில்லை. இந்த நகரத்தில் இருப்பதே ஓர் ஆலை. அந்தப் பட்டியலைப் பிப்ரவரி 13ஆம் தேதி என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். உன் பாட்டில்கள் ஆறும் எதிரே கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன.

ஏன் விட்டேன் என்று யோசித்தேன். இரண்டு வருடமாக உன்னை மறக்க முயன்றுகொண்டிருந்தேன். வேறெங்கும் முடியவில்லை. அந்த ஒரு தாளில் மட்டும் முடிந்திருக்கிறது.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியவன் கதை நமக்குத் தெரியும். நான் தேடியதோடு நிற்காமல், ஆட்டைத் திருடியதாக அடுத்தவர் சட்டையைப் பிடித்திருக்கிறேன்.

கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீனுக்குச் சொல்லியிருக்கீங்க, பீருக்குச் சொல்லலையே மேடம்?" என்றார். "ஆமாம்" என்றேன். "உங்க கிட்ட தப்பு கண்டுபிடிப்பேன்னு நான் நினைச்சதே இல்ல" என்றார், கொஞ்சம் சந்தோஷமாகவே. எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டேன். திருத்திய பட்டியலின் நகல் இத்துடன். கடைசி வரியில் நீ இருக்கிறாய்.

செய்ய வேண்டியது: தண்ணீர் வரும் வழியில் கரி வடிகட்டி மாட்டு. தண்ணீர் அதில் மெதுவாகப் போக வேண்டும், அவசரப்படுத்தாதே. என்ன அளவு என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். இன்னொரு தாள் குழாய்க்காரருக்கு. ஒட்டாமல் வைத்திருக்கிறேன், நீயும் படிக்கலாம்.

தங்கள் தவறு தெரியாத குடும்பம் என்று எழுதினேன். அந்தக் குடும்பத்தில் நானும் இருபது வருடம் இருந்தவள் என்பதை எழுதும்போது மறந்துவிட்டேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

முன்பு உன் அண்ணியாக இருந்தவள்


ஜூன் 28

ஆய்வுக்கூடத்துக்கு,

ஏழாம் எண். மூன்று பாட்டில் மட்டும். கருத்தை எழுதவும்.

கடிதம் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. முதல் இரண்டு வாரம் கோபம். அடுத்த இரண்டு வாரம் பீர் பொங்கிக்கொண்டிருந்தது, நேரமில்லை.

குழாய்க்காரர் வந்துவிட்டார். உங்கள் தாளைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "இன்னொரு தடவ படிம்மா" என்றார். படித்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது, "உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?" என்றேன். "கேக்குது. கேக்க நல்லாருக்கு" என்றார். கரி வடிகட்டியை அவர்தான் மாட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. உங்கள் சமையலறைக் குழாயைப் பற்றிச் சொன்னேன். வாஷர் தேய்ந்திருக்கும், கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே என்கிறார்.

எனக்கு மூக்கில் எதுவும் தெரியவில்லை. பயத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது.

சு.


ஜூலை 1

சு.வுக்கு,

ஏழாம் எண். மூடியைத் திறந்து உடனே முகர்ந்தேன். பத்து நிமிடம் விட்டு மறுபடியும் முகர்ந்தேன். எங்கள் குடுவையில் ஊற்றிச் சூடாக்கியும் பார்த்தேன். குறை இருந்தால் சூட்டில் ஒளிய முடியாது. பிளாஸ்திரி இல்லை. அதே இருவரிடம் மூன்று கோப்பைகளையும் கொடுத்தேன். போன தடவை அடிபட்டது யாருக்கு என்று கேட்டவர் மூன்றையும் முகர்ந்துவிட்டு, "காயம் ஆறிப்போச்சு மேடம்" என்றார்.

ஆரஞ்சுத் தோல் திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் மழை நனைத்த மரப்பட்டை மாதிரி ஒன்று. பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாததை நான் பொதுவாக எழுதுவதில்லை. கசப்பு இன்னமும் அதிகம். ஆனால் இந்தத் தடவை அது வந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

சோதனைக்கு ஒரு பாட்டில் போதும். இரண்டாவதையும் திறந்தேன். அதில் எதையும் கொட்டவில்லை.

12ஆம் தேதி வரலாமா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்கிறேன். யாரென்று சொல்வாய் என்ற கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தண்ணீர்த் துறை ஆள், சோதனைக்கு வந்திருக்கிறார் என்று சொன்னால் போதும்.

மு.வே.


ஜூலை 13

சுண்டெலிக்கு,

நேற்றைய நிகழ்ச்சி பற்றிச் சில புகார்கள் இருக்கின்றன.

ஒன்று, பீரை அளவுக்கு மீறிக் குளிரவைத்திருந்தாய். பனிக்கட்டிக்குள் இருந்து என்ன வாசனை வரும்? கையில் வைத்துச் சூடாக்கிக் குடிக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து உணவக முதலாளி ஒருவரும் அப்படியே செய்ய, பிறகு வரிசையாக எல்லாரும் கோப்பையை அணைத்துக்கொண்டு நின்றார்கள், குளிர் காய்கிறவர்கள் மாதிரி. அதன் பிறகுதான் மூன்று பேரும் தலையாட்டினார்கள் என்பதைக் கவனித்தாயா? இன்னொன்று, குழாய்க்காரர். வருகிற ஒவ்வொருவரையும் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பச்சைப் பிள்ளையைப் படுக்க வைக்கலாம். அதை அவரிடமும் சொன்னேன், கேட்டுக்கொண்டாயா தெரியவில்லை.

முக்கியமான புகார் வேறு. கட்டட உரிமையாளரிடம் என்னை இழுத்துக்கொண்டு போய், "இவங்கதான் சார் எங்க அண்ணி" என்றாய். நாம் பேசி வைத்தது தண்ணீர்த் துறை ஆள் என்று. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணன் எங்கம்மா, கண்ணுல படலையே?" என்று நியாயமாகத்தான் கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "அண்ணன்லாம் கிடையாது சார். அண்ணி மட்டும்தான்" என்றாய்.

அந்த மனிதர் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு எனக்கு ஒரு வணக்கம் வேறு வைத்தார். அண்ணன் இல்லாமல் அண்ணி எங்கிருந்து வருவாள்? எந்தக் கணக்கிலும் உதைக்கிறது. பொய் என்று அங்கேயே திருத்தியிருப்பேன். வாயைத் திறந்தேன். வாய் நிறைய உன் ஏழாம் எண்.

விழுங்கி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

காலி பாட்டில் மூன்றும் இத்துடன். கழுவியிருக்கிறேன். எட்டாம் எண்ணில் ஹாப்ஸைக் குறை. குறைக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். போன் நம்பர் பழையதுதான், மாற்றவில்லை.

அண்ணி